மலையகத்துத் தவளைகளும் தேரைகளும்: காடு போன பின்

இலங்கை தேயிலைக்குப் பேர்போன நாடு என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அது தவளைக்கும் பேர்போன நாடு என்று சொன்னால் நம் தோட்டங்களில் பலர் சிரிப்பர். ஆனால் உண்மை அதுவே. இச்சிறு தீவில் ஏறத்தாழ 120 வகை ஈரூடகவாழிகள் இதுவரை அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பத்துக்கு ஒன்பது உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அவற்றிலும் பெரும் பகுதி ஈரவலயக் காடுகளிலும் மத்திய மலைநாட்டிலும் வாழ்பவை. அதாவது, நாம் வாழும் மலைகளின் குடிகள்.

இதே நாட்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது பெருமைக்குரியதன்று. 2004ஆம் ஆண்டில் உலகத் தவளை இனங்கள் அனைத்தையும் ஆராய்ந்து ஒரு மதிப்பீடு வெளியிடப்பட்டது. அக்காலத்தில் அடியோடு அழிந்துபோனவை எனப் பட்டியலிடப்பட்ட ஈரூடகவாழிகளுள் அரைவாசிக்கு மேற்பட்டவை இலங்கைக்கு உரியவையாய் இருந்தன. பிரேசிலும் கொலம்பியாவும் நம்மிலும் பன்மடங்கு பெரிய காடுகளையும் தவளைச் செல்வத்தையும் கொண்டவை. அழிவுக் கணக்கிலோ நாம் முன்னால் நின்றோம். அது ஏன் என்பதையே இப்பாடத்தில் ஆராய்வோம். இளைஞர் மன்றங்களிலும் மாதர் சங்கங்களிலும் இதைப் படித்துக் கலந்துரையாடுவது நல்லது.

தோலால் குடிக்கும் உயிர்

முதலில் தவளையைச் சற்று அறிந்துகொள்வோம். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. சுவாசத்திலும் ஒரு பகுதியைத் தோலே செய்கிறது. ஆகவே அதன் தோல் எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். காற்றிலோ நீரிலோ மண்ணிலோ நஞ்சு இருந்தால் அதுவும் அத்தோல் வழியே உட்செல்லும். மனிதனுக்குச் செருப்பும் சட்டையும் உண்டு. தவளைக்கு வெளியுலகத்துக்கும் இரத்தத்துக்கும் இடையே மெல்லிய தோல் ஒன்றே உண்டு.

தேரையும் தவளைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் தோல் தடித்தது, சொரசொரப்பானது. கண்ணுக்குப் பின்னால் நச்சுச் சுரப்பி உண்டு. அதனால் வரட்சியையும் மனித நடமாட்டத்தையும் தாங்கும் வல்லமை அதற்குச் சற்று அதிகம். லயத்து விளக்கடியில் பூச்சி பிடிக்க வருவது பெரும்பாலும் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் காணப்படும் சாதாரண தேரை. அது இருக்கிறதே, ஆகவே எல்லாம் நலமே என்று எண்ணிவிடக் கூடாது. காகம் இருப்பதால் காட்டுப் பறவைகள் எல்லாம் இருக்கின்றன என்று யாராவது சொல்வார்களா?

தேரையைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. பிள்ளை மெலிந்து, வயிறு ஊதி, தோல் சுருங்கினால் 'தேரை விழுந்துவிட்டது' என்று சொல்லும் வழக்கம் நம்மவரிடம் இன்றும் உண்டு. அதற்கு மந்திரிப்பார்கள், கயிறு கட்டுவார்கள். பாவம் தேரை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். இது போசாக்கின்மை. இதற்குக் காரணம் சம்பளத்திலும், சாப்பாட்டிலும், தண்ணீரிலும், தாயின் உடல்நிலையிலும் இருக்கிறது. தேரையின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாமல் இருப்பது இரண்டு உயிர்களுக்கும் செய்யும் அநியாயம்.

தண்ணீர் தேடாத தவளைகள்

தவளை குளத்தில் முட்டையிடும், முட்டை வாற்பேயாகும், வாற்பேய்க்குக் கால் முளைத்து வால் மறையும் என்று நாம் வகுப்பில் படித்தோம். நம் மலைத் தவளைகளுள் பெரும்பாலானவை இந்தப் பாடப் புத்தகத்தைப் படித்தவையல்ல. சூடோபிலோட்டஸ் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் சிறு மரத்தவளைகள் வாற்பேய்ப் பருவத்தையே விட்டுவிட்டவை. பெண் தவளை காட்டின் ஈர மண்ணில் சிறு குழி பறித்து, முட்டைகளை இட்டு, மண்ணோடும் சருகோடும் பிசைந்து மூடிவிடும். சில வாரங்களின் பின் முட்டைக்குள்ளிருந்து நேராகவே விரல் நகத்திலும் சிறிய முழுத் தவளைக்குஞ்சு வெளிவரும். ஒரு சில இனங்கள் மண்ணுக்குப் பதிலாக இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவிடும்.

இதனால் இவற்றுக்குக் குளம் தேவையில்லை. மலைச் சரிவு எங்கும் குடியேற முடிந்தது. ஆனால் வரண்ட, வெப்பமான தாழ்நிலத்தை அவற்றால் எளிதில் கடக்க முடியாது. ஆகவே நக்கிள்ஸ் மலையில் ஒரு கூட்டம், ஹோட்டன் சமவெளியில் ஒரு கூட்டம், இறக்குவானைப் பக்கம் இன்னொரு கூட்டம் எனப் பிரிந்து, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அவை தனித்தனி இனங்களாயின. ஒரு சிறு மலைத்தொடரில் மட்டும் வாழும் இனங்கள் உண்டு. அந்த மலையின் காட்டை வெட்டினால் அந்த இனம் 'குறைவதில்லை', உலகிலிருந்தே போய்விடுகிறது. இலங்கையின் அழிவுக் கணக்கு பெரிதானதன் இரகசியம் இதுவே.

இவற்றுக்கு வேண்டியது என்ன? மேலே இலைக்கூரை, கீழே சருகுப் படுக்கை, இடையில் பனி மூட்டம். மூன்றில் ஒன்று போனாலும் முட்டை காய்ந்துவிடும்.

வேறு வழியில் பிள்ளை வளர்ப்பவையும் உள்ளன. உயர்மலைகளில் வாழும் தருகா என்ற மரத்தவளை இனத்தைச் சேர்ந்தவை தண்ணீருக்கு மேலே கிளையிலோ கரையிலோ நுரைக்கூடு கட்டி அதனுள் முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் வாற்பேய்கள் கீழேயுள்ள குட்டையில் விழுந்து வளரும். இவற்றுக்குச் சரிவான மலையில் அசையாத ஒரு குட்டையும், அதன் மேல் சாய்ந்த ஒரு செடியும் வேண்டும். அதிகம் கேட்கவில்லை.

கோப்பியும் தேயிலையும்

நமது முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது இம்மலைகளில் தேயிலை இருக்கவில்லை. 1830களிலிருந்து பிரித்தானியர் காட்டை ஏக்கர் கணக்கில் வாங்கி, வெட்டி, எரித்து, கோப்பி நட்டனர். உச்சக் காலத்தில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. கோடரியைப் பிடித்த கை நம்முடையது. காட்டின் விலையும் இலாபமும் வேறொருவருடையவை. வெட்டியவர்களுள் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1869இல் கோப்பியிலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பி ஏறாத உயரங்களுக்கும் தேயிலை ஏறியது. ஈரவலயத்தின் பழைய மழைக்காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 வீதமே என ஆய்வாளர் கணிக்கின்றனர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. தேயிலைக் கடலில் சிதறிய தீவுகளாகக் கிடக்கிறது.

உயர்ந்த மலைகளில் சில காடுகள் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 1873இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை இனி விற்க வேண்டாம் என அரசுக்கு ஆலோசனை கூறினார். அதை அரசும் ஏற்றது. அப்போது தவளையைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. ஆற்று நீரும் மண்ணுமே கவலையாய் இருந்தன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோட்டன் சமவெளிப் பகுதி ஊற்றாக இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அது எத்துணை சரியான கவலை என்பது விளங்கும். 1960களில் அங்கு உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டார்கள். 1988இல் அது தேசிய பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைச் சரணாலயம், ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

போத்தலில் இருந்தவை

1850களின் தொடக்கத்தில் நுவரெலியாவில் கெலார்ட் என்ற இராணுவ மருத்துவர் இருந்தார். இலங்கையிலேயே பிறந்தவர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் எலி, பல்லி, தவளை எல்லாம் சேகரித்து எழுதிவைத்தார். அவருக்குப் பின் வேறு பலரும் சேகரித்து இலண்டன் நூதனசாலைக்கு அனுப்பினர். அவை மதுசாரப் போத்தல்களில் நூறாண்டுக்கு மேல் கிடந்தன.

1990களில் ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி, மாதவ மீகஸ்கும்புர முதலிய இலங்கை ஆய்வாளர்கள் நாட்டின் காடுகளில் இரவிரவாகத் தவளை தேடினர். அவற்றின் மரபணுவையும் குரலையும் ஆராய்ந்தனர். 2002இல் 'சயன்ஸ்' என்ற புகழ்பெற்ற சஞ்சிகையில் முடிவு வெளியானது. அதுவரை இருபதுக்கும் குறைவான இனங்களே உண்டு என எண்ணப்பட்ட மரத்தவளைக் கூட்டத்தில் புதிய இனங்கள் பல பத்து இருந்தன. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் போத்தல்களையும் காட்டையும் ஒப்பிட்டபோது மறுபக்கம் தெரிந்தது. போத்தலில் இருந்த பல இனங்கள் காட்டில் இல்லை. பெயரிட்டு ஒரு நூற்றாண்டுக்குள், அவற்றின் குரலை ஒருவரும் பதிவுசெய்யுமுன்னரே, அவை போய்விட்டன.

உலகின் பல பாகங்களில் தவளைகளைக் கொன்றது கைட்ரிட் எனும் ஒருவகைப் பங்கசு. 2019இல் வெளிவந்த கணிப்பொன்றின்படி அது 501 இனங்களைக் குறைத்து, 90 இனங்களை இல்லாமற் செய்திருக்கிறது. ஆனால் நம் மலைகளின் பழைய இழப்புக்கு அந்தப் பங்கசைத் தேட வேண்டியதில்லை. காடு போனது; அதனோடு அவையும் போயின. உலகளவிலும் காரணங்களுள் முதலிடம் இதற்கே. 2023இல் வெளியான மதிப்பீடு, உலகின் ஈரூடகவாழிகளுள் 41 வீதமானவை ஆபத்தில் உள்ளன என்றும், ஆபத்திலுள்ளவற்றுள் 93 வீதமானவற்றுக்கு வாழிட இழப்பு ஓர் அச்சுறுத்தல் என்றும் காட்டியது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2009இல் மென்டிஸ் விக்கிரமசிங்கவும் அவரது குழுவினரும் சிவனொளிபாதமலைச் சரணாலயத்தில் ஓர் ஓடையோரத்தில் கண்டிக் குறுந்தேரையைக் கண்டனர். 1870களுக்குப் பின் எவரும் காணாதது. அழிந்தது எனப் பட்டியலில் எழுதியும் வைத்திருந்தார்கள். கெலார்ட் நுவரெலியாவில் கண்டு 1853இல் பெயரிட்ட புள்ளித் தவளை ஒன்றும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே சரணாலயத்தில் கிடைத்தது. கவனியுங்கள்: நுவரெலியாவில் இருந்தது நுவரெலியாவில் கிடைக்கவில்லை. காடு எஞ்சிய இடத்திலேயே கிடைத்தது.

தோட்டத்தில் நடப்பது

காடு வெட்டிய கதை பழையது. இன்று நடப்பதற்கு வருவோம். தேயிலை மலையில் கான் வெட்டுகிறோம். மழைநீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. மண் அரிப்பைத் தடுக்க அது வேண்டியதே. ஆனால் குட்டை இல்லாமற் போகிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் வெயில் நேரே மண்ணில் விழுகிறது. நிழல் மரங்களை விறகுக்கும் பலகைக்கும் வெட்டிவிட்டு மீண்டும் நடாத மலைகள் பல. நட்டாலும் ஒரே வகை மரம், யூகலிப்டஸ் போன்றவை. புல்வெட்டுக்கு ஆட்கூலி கொடுப்பதிலும் மருந்தடிப்பது மலிவு என்பதால் களைகொல்லி வந்தது. கிளைபோசேற்றை அரசு 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதித்தது. எந்த மருந்தாயினும் ஓடைக்கரை வரை அடித்தால் அது கானில் இறங்கி, ஓடையில் கலந்து, வாற்பேய் வாழும் நீருக்கே போகும்.

நுவரெலியா, கந்தப்பளை, மீப்பிலிமானைப் பக்கங்களில் மரக்கறிச் செய்கை ஓடையின் விளிம்பு வரை வந்துவிட்டது. உருளைக்கிழங்குக்கும் லீக்சுக்கும் அடிக்கும் மருந்தின் அளவை நான் சொல்லத் தேவையில்லை, அடிப்பவர்களுக்கே தெரியும். போதாக்குறைக்குச் சிறிய நீர்மின் திட்டங்கள் ஓடையைக் குழாய்க்குள் திருப்பி, பாறையை வரட்சியாக விட்டுவிடுகின்றன.

தேயிலை மலை முழுவதும் தவளைக்குப் பாலைவனம் என்று சொல்வது மிகை. பழைய நிழல் மரமும், ஓரத்தில் மரப்பன்னமும், கரையில் சருகும் விட்டுவைத்த மலைகளில் மாரிக்கால இரவில் நின்று பார்த்தால் 'டிக், டிக்' எனக் கல்லைத் தட்டுவது போன்ற குரல்கள் கேட்கும். முன்னர் இவை லயத்துப் பின்பக்கமே கேட்கும் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளரின் கணக்கு இல்லையென்றாலும் அவர்கள் சொல்வதை நான் புறந்தள்ள மாட்டேன். ஐம்பது வருடம் அந்த மலையில் மழையில் நனைந்தவர்கள் அவர்கள்.

நமக்கென்ன?

இக்கேள்வியை ஒரு தோட்டத் தொழிலாளி கேட்டால் அது நியாயமான கேள்வி. குடியிருக்க ஏழு பேர்ச் காணிக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருப்பவரிடம் தவளைக்கு இடம் விடுங்கள் என்று உபதேசிப்பது எளிது. அதை நான் செய்யப்போவதில்லை. காட்டை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒருபோதும் லயத்தில் குடியிருக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. ஓடைக்கரையில் மருந்தடிக்கச் சொல்வதும் நிழல் மரத்தை விற்பதும் இன்றும் தொழிலாளியின் தீர்மானமல்ல. முதற்பொறுப்பு நிர்வாகத்துக்கும் அரசுக்குமே உரியது.

ஆயினும் ஓடை யாருடையது? மலை உச்சியிலிருந்து இறங்கும் அதே நீர்தான் நமது பீலிக்கு வருகிறது. அதில்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், சமைக்கிறோம். அநேக லயங்களில் அது சுத்திகரிக்கப்படுவதுமில்லை. ஓடையின் மேற்பகுதியில் காடு இருந்தால் மாசி, பங்குனியிலும் பீலியில் தண்ணீர் விழும். காடு போனால் மழைக்குச் சேறும் வெயிலுக்கு வரட்சியும். தோலால் நீரைக் குடிக்கும் தவளைக்கு ஒவ்வாத தண்ணீர், வாயால் குடிக்கும் நம் பிள்ளைக்கு நல்லதாக இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

பூச்சிக் கணக்கும் உண்டு. அயல்நாடான இந்தியா ஒரு காலத்தில் தவளைக் கால்களைப் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்தது. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்ற கவலையும் சேர, 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. கொஸ்தாரிக்காவிலும் பனாமாவிலும் தவளைகள் மறைந்த பகுதிகளில் அதன் பின் மலேரியா கூடியது என 2022இல் ஆய்வொன்று காட்டியது. வாற்பேய் நுளம்புக் குடம்பியோடு ஒரே குட்டையில் வாழும் உயிர் என்பதை நினைத்தால் இது வியப்பில்லை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. டெங்கு இன்னும் போகவில்லை.

வால்பாறையில் செய்தது

தமிழ்நாட்டின் ஆனைமலையில் வால்பாறை என்ற தேயிலைப் பிரதேசம் உண்டு. நம் மலையகத்தைப் போன்றே காட்டை வெட்டி உருவானது. தொழிலாளரும் நம்மைப் போன்றவர்களே. அங்கும் தேயிலைக்கு நடுவே காட்டுத் துண்டுகள் எஞ்சியிருந்தன. 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி, இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் தோட்டக் கம்பனிகளோடு பேசி, அத்துண்டுகளில் உன்னிச் செடி போன்ற களைகளை அகற்றி, அந்த மலைக்கே உரிய மரக்கன்றுகளை நாற்றுமேடையில் வளர்த்து நட்டு வருகின்றனர். தேயிலையை ஒரு செடியும் பிடுங்கவில்லை. தேயிலைக்கு உதவாத சரிவு, ஓடைக்கரை, கைவிட்ட துண்டு ஆகியவையே போதுமானதாயிற்று. நம் தோட்டங்களிலும் அப்படிப்பட்ட துண்டுகள் இல்லாத தோட்டம் அரிது.

இங்கு செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்துக்கு மருந்தடிக்காமல், புல்லையும் பன்னத்தையும் விட்டுவைக்குமாறு நிர்வாகத்திடம் தொழிற்சங்கத்தின் ஊடாகக் கேட்கலாம். கோரிக்கைப் பட்டியலில் 'குடிநீர் ஊற்றின் பாதுகாப்பு' என்று எழுதினால் எவரும் சிரிக்க மாட்டார்கள். மருந்துப் பம்பியையும் போத்தலையும் ஓடையில் கழுவுவதை நாமே நிறுத்தலாம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பீலிக்கு மேலே விறகு வெட்டாத ஒரு எல்லையை லயத்து மக்கள் கூடித் தீர்மானிக்கலாம். விறகுக்கு வேறு வழி காட்டாமல் இதை மட்டும் சொன்னால் பெண்களின் சுமைதான் கூடும்; ஆகவே விறகு மரம் நட இடம் கேட்பதும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும்.

கலந்துரையாடலுக்கும் செயலுக்கும்

உங்கள் தோட்டத்து ஓடையை உச்சியிலிருந்து பீலி வரை ஒரு நாள் நடந்து பாருங்கள். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே கரை வரை மருந்தடிக்கப்பட்டிருக்கிறது, எங்கே குப்பை கொட்டப்படுகிறது எனப் படம் வரையுங்கள். வயதானவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். முன்பு காடு எதுவரை இருந்தது என அவர்கள் காட்டுவர்.

பின் ஐப்பசி, கார்த்திகை மழையில், மாலை ஏழு மணிக்கு, மூன்று இடங்களில் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள்: காட்டோரம் ஒன்று, தேயிலை நடுவே ஒன்று, லயத்து ஓடையில் ஒன்று. எத்தனை வகைக் குரல் கேட்கிறது எனக் கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. 'கல் தட்டும் குரல்', 'சீழ்க்கைக் குரல்' என எழுதினால் போதும். தவளையைப் பிடிக்க வேண்டாம். பிடித்தே ஆகவேண்டுமெனில் கையை நனைத்துக்கொள்ளுங்கள், மருந்து பட்ட கையால் தொடாதீர்கள். அட்டைக்கு உப்புக் கொண்டுபோகிறவர்கள் அதைத் தவளை மேல் போடாதிருக்கச் சிறுவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடங்களில், அதே நேரத்தில் மீண்டும் நின்று எழுதுங்கள். இரண்டு பக்கங்களையும் ஒன்றாக வைத்து, கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தோட்ட நிர்வாகி ஆகியோரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் முன் பிள்ளைகளையே வாசிக்கச் செய்யுங்கள்.